கண்ணாடிக்குள் ஒரு பெருவிரல்

பதினேழாவது பிலிமின் நடுவில் யாரோ கை வைத்திருந்தார்கள்.

தையல்நாயகி முதலில் அதைக் கண்ணின் கோளாறு என்றுதான் நினைத்தாள். இருட்டறைக்குள் வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே புரட்டாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, அந்த வெளிச்சம் இன்னும் கண்ணுக்குள் மிதந்தது. ஜன்னலுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, அதன் மேல் இரட்டைத் திரை போட்டு, கதவிடுக்கில் பழைய சாக்கைத் திணித்து வைத்திருந்த அந்தச் சின்ன அறையில் பகல் பதினொரு மணிக்கும் தன் கை தனக்குத் தெரியாது. புற ஊதா விளக்கு மட்டும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அதன் அடியில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. காலையில் அவள் அதன் மேல் படிய வைத்த துத்தநாக ஆக்சைடு, தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சு, இளம்பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டும் முட்டை வடிவத்தில் ஓர் இடம் இன்னும் அழுத்தமான பச்சை.

குனிந்து பார்த்தாள். வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். பெருவிரல் ரேகை.

பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு பிலிம் போடுவதற்கு அவள் படும் பாடு அவளுக்குத்தான் தெரியும். கண்ணாடியைச் சோப்பில் கழுவி, அமிலத்தில் ஊறவைத்து, அசிட்டோனில் அலசி, இடுக்கியால் மட்டுமே தொட்டு, நானூறு டிகிரியில் கொதிக்கும் தட்டின் மேல் வைக்க வேண்டும். துத்தநாக உப்பைக் கரைத்த தண்ணீரைப் பனி மாதிரி அதன் மேல் விட்டுவிட்டுத் தூவ வேண்டும். புளிக்காடி வாசனை மூக்கை அரிக்கும். இரண்டு மணி நேரம் நின்றால் கால் மரத்துப்போகும். கடைசியில் கிடைப்பது, எடுத்து வெயிலில் காட்டினால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு படலம். அதன் கீழே தினத்தாளை வைத்தால் எழுத்தெல்லாம் வாசிக்கலாம். சாய்த்துப் பிடித்தால் மட்டும், தேங்கிய தண்ணீரில் எண்ணெய் சொட்டியது போல லேசாக நிறம் ஓடும். கழுவிய கண்ணாடியில் ஒரு விரல் பட்டாலும் போச்சு, அந்த இடத்தில் பூச்சு வேறு மாதிரி படியும், இருட்டறையில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

சுத்தமான துத்தநாக ஆக்சைடு பச்சையாக ஒளிராது. கண்ணுக்கு எட்டாத ஊதாவில்தான் ஒளிரும். ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜன் இல்லாமல் போனால், அந்தக் காலி இடம் பச்சையாக ஒளிர்கிறது என்று அவளுடைய கைடு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்திருந்தார். விளக்கை அணைத்தால் அந்த நொடியே பச்சையும் போய்விடும். இதைத்தான் அவள் மூன்று வருஷமாக அளந்துகொண்டிருந்தாள்.

தஞ்சாவூரில் அந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் சாவி மூன்று பேரிடம் இருந்தது. அவளிடம் ஒன்று, கூட ஆராய்ச்சி செய்யும் காதர் மைதீனிடம் ஒன்று, அட்டெண்டர் செல்லத்துரையிடம் ஒன்று. ஆக, இரண்டு பேரில் ஒருவர்.

வேறு நேரமாக இருந்தால் அவள் இதை இவ்வளவு பெரிதுபண்ணியிருக்க மாட்டாள். ஆனால் அந்த மாதம் முழுக்க அவளுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகமாகவே இருந்தது. குடவாசல் பக்கத்தில் அவர்களுக்கு இருந்த மூன்று ஏக்கர் நன்செய் மீது வழக்கு வந்திருந்தது. அந்த நிலத்தை ஒரு காலத்தில் வீரையன் என்பவர் குத்தகைக்குச் சாகுபடி செய்தார். குத்தகைதாரரை எல்லாம் ஆபீசில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட புதிதில், ஊருக்கு ஊர் கொடியும் அடிதடியுமாக இருந்த எழுபத்தொன்றாம் வருஷத்தில், எனக்கு இந்த நிலத்தில் பாத்தியதை வேண்டாம் என்று ரேகை வைத்துக் கொடுத்துவிட்டு அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அப்படித்தான் அப்பா காயாரோகணம் சொல்லுவார். இருபத்தைந்து வருஷம் கழித்து வீரையனின் மகள் பூவம்மாள் மனுப் போட்டிருந்தாள். என் அப்பா அப்படி ஒரு ரேகை வைக்கவே இல்லை, அதற்குப் பிறகு அவரைக் கண்ணால் பார்த்தவரும் கிடையாது என்று. காயாரோகணம் வாதம் வந்து பேச்சிழந்து படுத்துக் கிடந்தார். அவருக்குப் பதிலாகக் கார்த்திகை முதல் வியாழக்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போய், வீரையன் தானாகவே விட்டுக்கொடுத்தார் என்று தையல்நாயகி வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அவள் ஒருத்திதான் வாரிசு. அவள் சொல்லில்தான் நிலமும் நின்றது, அப்பாவின் பெயரும் நின்றது.

அப்பா பொய் சொல்லுவார் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அதனால்தான் மற்ற எல்லாரும் பொய் சொல்லுகிறவர்களாகத் தெரிந்தார்களோ என்னவோ.

மறுநாள் ஆபீஸ் அறையிலிருந்து மை அட்டையை வாங்கிவந்தாள். கைடு கேட்டார் என்று ஒரு பொய்யைச் சொல்லி இரண்டு பேரிடமும் பெருவிரல் ரேகை கேட்டாள். செல்லத்துரை எதற்கு என்றே கேட்கவில்லை. ரேகையை வைத்துவிட்டு, எல்லாரும் செய்வது போல மை பட்ட விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். காதர் மைதீன் மட்டும் மை அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கைடு கேக்கலங்க. நீங்கதான் கேக்குறீங்க.”

அவள் மை அட்டையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் இரண்டு கைப் பெருவிரலையும் அழுத்தி வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவளோடு டீ குடிக்க வருவதில்லை.

லென்ஸ் வைத்துப் பார்த்தாள். இரண்டு பேருடையதும் இல்லை. பிலிமில் இருந்த ரேகையை வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு ஓடியது. டெல்டாவில் பிறந்த யாருக்கும் அந்தக் கோடு தெரியும். கதிரை இடது கையில் பற்றி அறுக்கும்போது அரிவாள் நழுவிப் பெருவிரலில் இறங்கிய தழும்பு அது. இந்தக் கல்லூரியில் யாருக்கு அறுப்புத் தழும்பு இருக்கப்போகிறது? காதர் முத்துப்பேட்டைக்காரன், கடலோரத்தில் வளர்ந்தவன். செல்லத்துரை டவுனிலேயே பிறந்தவர். அப்படியானால் அவர்களில் ஒருவன் வெளியாளைக் கூட்டிவருகிறான். எதற்கு? என் வேலையைக் கெடுக்க. வழக்கு விஷயமாக யாராவது இவர்கள் கையில் காசு வைத்திருப்பார்களோ? பூவம்மாளுக்கு இங்கே ஆள் இருக்கிறதோ?

புதுப் பூட்டு வாங்கினாள். கண்ணாடித் துண்டுகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். சாப்பிடப் போகும்போதும் பை கூடவே போயிற்று. பதினெட்டாவது பிலிமைத் தட்டிலிருந்து எடுத்ததிலிருந்து இருட்டறைக்குக் கொண்டுபோவதுவரை யாரும் பக்கத்தில் வரவில்லை.

பதினெட்டிலும் இருந்தது. பத்தொன்பதிலும். அதே விரல். அதே தழும்பு.

அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தாள், போகவில்லை. அப்படியானால் பூச்சுக்கு மேலே இல்லை. பிளேடால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் கண்ணாடியைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. அப்படியானால் கண்ணாடியிலும் இல்லை. பூச்சு படியும்போதே கூடவே படிந்த ஒன்று. கொதிக்கும் தட்டின் மேல், அவள் கண்ணெதிரே, நானூறு டிகிரியில் யார் விரலை வைக்க முடியும்?

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்கு அந்த அறையில் தனியாக உட்காரப் பிடிக்கவில்லை.

இருபதாவது பிலிம் விளக்கின் கீழ் இருந்தபோது கரண்ட் போயிற்று. முனகல் நின்றது. இவ்வளவு நாளாக அது ஒரு சத்தம் என்பதே அவளுக்கு உறைத்ததில்லை, நின்றபிறகுதான் காது அதைத் தேடியது. வெளியே யாரோ வாளியை இழுத்துப் போகும் சத்தம், தூரத்தில் புது ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறும் சத்தம், தன் மூச்சு. கண்ணாடியின் பச்சை முழுதும் அணைந்துவிட்டது. விதிப்படி அது அணையத்தான் வேண்டும். பெருவிரல் அணையவில்லை.

ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். கண்ணில் தங்கின பிம்பமாக இருக்கும் என்று இமையை மூடினாள். மூடினால் இல்லை. திறந்தால் இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. வெளிச்சம் கொடுக்க எதுவும் இல்லாத இருட்டில் அது தானாகவே பச்சையாகக் கிடந்தது. புளிக்காடி வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது. நாற்றுப் பறித்த வயலில், வெயில் ஏறுவதற்கு முன் சேற்றிலிருந்து வருமே, அந்த வாசனை. அவளுக்குப் பிடித்த வாசனைதான். இங்கே அதற்கு என்ன வேலை?

அவள் செய்த காரியம் அவளுக்கே பிறகு விளங்கவில்லை. அளவு பார்க்கலாம் என்று தோன்றியது போலும். தன் இடது பெருவிரலை அந்தப் பச்சையின் மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடி ஈரமாக இருந்தது. குளிர்ந்து, கொஞ்சம் கொழகொழவென்று, பிடியை விடாத ஈரம். விரலை வெடுக்கென்று இழுத்தாள். அப்போது கரண்ட் வந்துவிட்டது.

விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி காய்ந்துதான் இருந்தது. ஈரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் அவளுக்குத் தண்ணீர் நினைவு வந்தது. நோட்டைப் புரட்டினாள். பதினேழாவது பிலிமின் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: இன்று முதல் வேறு தண்ணீர்.

தஞ்சாவூர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வடித்துத்தான் அவள் கரைசல் போடுவாள். அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம், வடிகலனின் உள்ளே ஓடு ஓடாகப் படிந்து கம்பி எரிந்துபோய்விடும். செல்லத்துரை நாலு தடவை கம்பி மாற்றிவிட்டு, “நல்ல தண்ணியா பாத்துக் கொண்டாங்க மேடம்” என்று சொல்லிவிட்டார். அவளுக்குத் தெரிந்த நல்ல தண்ணீர், பருப்பு வேகிற தண்ணீர்தான். ஊரில் எந்த வீட்டிலும் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பார்கள். பருப்பு சீக்கிரம் மலர்ந்தால் உப்பில்லாத தண்ணீர். அவர்கள் வயலில், களத்து மேட்டு ஓரத்தில் ஒரு போர்க் கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பருப்பு அரை மணியில் பூவாக மலரும். விடுமுறைக்குப் போனவள், கண்டக்டர் முணுமுணுக்க முணுமுணுக்க இரண்டு கேன் நிறைய அதைத்தான் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுவந்தாள்.

காய்ச்சி வடித்துவிட்டால் எந்தத் தண்ணீரும் ஒன்றுதான். அதில் இருக்கும் எல்லாம் அடியில் தங்கிவிடும், ஆவி மட்டும்தான் ஏறி வரும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவள் கீழவாசலில் பேட்டரிக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வடிநீர் வாங்கிவந்தாள். அந்தத் தண்ணீரில் போட்ட மூன்று பிலிமிலும் ஒன்றுமில்லை, ஒரே சீரான பச்சை. வீட்டுத் தண்ணீரில் மறுபடி ஒன்று போட்டாள்.

இருபத்துநாலாவது பிலிம். பெருவிரல் இருந்தது. இந்தத் தடவை அது தனியாக இல்லை.

அதன் இரண்டு பக்கத்திலும் மங்கலாக இரண்டு அடையாளங்கள். இடது பக்கம் ஒரு பெருவிரலின் ஓரம். வலது பக்கம் உருண்டையாக, ரேகையே இல்லாமல், மொட்டையாக ஒன்று. நடுவில் இருக்கும் விரலை யாரோ இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறார்கள். பிடித்து, அழுத்துகிறார்கள். தானாக ரேகை வைக்கிறவன் விரலை ஏன் இன்னொருத்தன் பிடிக்க வேண்டும்?

அந்த மொட்டை அடையாளத்தை அவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது காதர் மைதீன் எதிரே நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கோபத்தையெல்லாம் மறந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு மனசாரத் தோன்றியது. ஆனால் கேட்டால் என்ன ஏது என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஊர் வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அத்தை ஞானாம்பாள், அப்பாவின் தங்கை. அத்தை துணி துவைக்கப் போனதும் தையல்நாயகி இரும்புப் பெட்டியைத் திறந்து வீரையன் ரேகை வைத்த அந்தப் பத்திரத்தை எடுத்தாள். எத்தனையோ தடவை பார்த்ததுதான். வக்கீலிடம் காட்ட நகல் எடுத்ததும் அவள்தான். மங்கிப்போன ஊதா மையில் ஒரு ரேகை. குறுக்கே, இதுவரை அவள் கவனிக்காத தழும்பு. ரேகைக்கு இரு பக்கமும் மை இழுகின கறை என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தது, கறை இல்லை. ஒரு பக்கம் பெருவிரல் ஓரம். ஒரு பக்கம் மொட்டை.

துணிக்கூடையோடு திரும்பிய அத்தையிடம், களத்து மேட்டுப் போர் எப்போது போட்டது என்று சாதாரணமாகக் கேட்டாள். எழுபத்தொன்றாம் வருஷ ஆடியில்தான் என்று அத்தை சொன்னாள். பத்திரம் எழுதின அதே வாரம், ஆளைவிட்டு அவசர அவசரமாக இறக்கினாராம் உங்கப்பா. சொல்லிவிட்டு அவள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். கூடையை மெல்லத் தரையில் வைத்தாள்.

“அத உள்ள வையி தையலு. வியாழக்கெழம போயி சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வா. உங்கப்பா நிம்மதியா கண்ண மூடட்டும்.”

“அத்தே, அந்த வீரையன் எங்க போனாரு?”

அத்தை துணியை எடுத்து உதறிக் காயப்போட ஆரம்பித்தாள். 

அப்பா கட்டிலில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். தைல வாசனையும் மூத்திர வாசனையும் அறையில் தேங்கியிருந்தன. அவள் பத்திரத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். இடப் பக்கம் முழுக்க விழுந்துவிட்ட அந்த உடம்பில் வலது கை மட்டும் போர்வையின் மேல் நகர்ந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே ரைஸ் மில் பெல்ட்டில் நுனி போன ஆள்காட்டி விரல். அந்த மொட்டை விரலும் பெருவிரலும் ஒன்றையொன்று நோக்கி வந்து, நடுவில் இல்லாத எதையோ பிடித்தன. கெட்டியாகப் பிடித்தன. போர்வையின் மேல் வைத்து அழுத்தின. எடுத்தன. மறுபடி பிடித்தன. அழுத்தின.

அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கை நிற்கவில்லை.

செத்தவன் விரல் விறைத்துப் போயிருக்கும், தானாக மையில் படியாது, பிடித்துத்தான் வைக்க வேண்டும். இந்த எண்ணம் வந்ததும் அவள் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டாள்.

இருந்தும், புதன்கிழமைக்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்க அவளால் முடியாது. சாகக் கிடக்கிற மனுஷன். அவரை அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த வாய் அவளுடையது. பிலிமில் தெரிந்தது எந்த ஆபீசிலும் சாட்சி ஆகாது. தஞ்சாவூருக்குத் திரும்பி, வீட்டுத் தண்ணீரில் போட்ட பிலிம்களையெல்லாம் ஒரு காகிதத்தில் பொதிந்து, புது ஆற்றுப் பாலத்திலிருந்து தண்ணீரில் போட்டாள். கேன்களைக் கவிழ்த்தாள். இடது பெருவிரல் மட்டும் அன்றைக்குத் தொட்டதிலிருந்து குளிர்ந்தே இருந்தது. முந்தானையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம். விரலை உற்றுப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. எல்லார் விரலையும் லென்ஸ் வைத்துப் பார்த்தவள் அதை மட்டும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விடியும்போதே அடைமழை. குடவாசல் தாலுகா ஆபீசில் பகல் பன்னிரண்டு மணிக்கே டியூப் லைட் எரிந்தது. மழையில் நனைந்த குடைகளின் வாசனை, பழைய காகிதக் கட்டுகளின் வாசனை. மேசைக்கு எதிர்ப்பக்கம் பூவம்மாள் உட்கார்ந்திருந்தாள். வீரையன் போனபோது அவளுக்குப் பத்து வயது, இப்போது முன்நெற்றியில் நரை. தையல்நாயகி அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

கிளார்க் வாக்குமூலத்தை வாசித்தார். மேற்படி வீரையன் தன் சுயவிருப்பத்தின் பேரில், எவருடைய கட்டாயமும் இன்றி, என்று வாசித்துக்கொண்டே போனார். அவர் முடித்ததும் பூவம்மாள் மேசையின் மேல் சாய்ந்தாள். சண்டை போடுகிற குரலே இல்லை அது.

“பாப்பா, நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன். எங்கப்பா தானா வச்ச ரேகையா அது?”

மழை ஓட்டின் மேல் இரைந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை. இல்லை என்றால் களத்து மேட்டுப் போரைச் சுற்றி அந்த வயல் தோண்டப்படும். ஆமாம் என்றால் எல்லாம் முடிந்துவிடும்.

“ஆமா பூவம்மா. தானா வச்சதுதான்.”

பூவம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். கிளார்க் காகிதத்தைத் திருப்பி வைத்து, ரேகை விஷயம் என்பதால் கையெழுத்தோடு இடது பெருவிரலும் வைத்துவிடுங்கள் என்று மை அட்டையை நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள். விரலை மையில் அழுத்தினாள். காகிதத்தில் வைத்தாள். எடுத்தாள். எல்லாரையும் போலத் தலைமயிரில் துடைத்துக்கொண்டாள்.

கிளார்க் காகிதத்தைக் கையில் எடுத்தவர் வைக்கவில்லை. அவள் கொண்டுவந்து கொடுத்திருந்த பழைய பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இதைப் பார்த்தார். அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது எப்படிங்க...” என்றார்.

எட்டிப் பார்த்தாள். புது மையில் ஒரு பெருவிரல். வட்டத்துக்குள் வட்டம். குறுக்கே, சாய்வாக, அரிவாள் தழும்பு.

கரண்ட் போயிற்று.

யாரோ மெழுகுவத்தி தேடினார்கள். மழையில் ஜன்னலே தெரியவில்லை. சேற்று வாசனை எழுந்தது. நாற்றுப் பறித்த வயல். கிட்டத்தில். மிகக் கிட்டத்தில்.

மேசைக்கு அடியில் பச்சை.

அவள் விரல். விளக்கு இல்லை. எதுவும் இல்லை. ரேகை ரேகையாக ஒளிர்ந்தது. கையை மூடிக்கொண்டாள். மூடின விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்தது. மடியில் கசிந்தது. எதிரே நாற்காலி நகரும் சத்தம்.

“அது எங்கப்பா கை” என்றாள் பூவம்மாள்.

ஓட வேண்டும்.  இடது கையைத் தூக்கப் பார்த்தாள், அது அவளுடையதாக இல்லை. விறைத்திருந்தது. சில்லிட்டிருந்தது. மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக யாரோ பிரித்தார்கள். பூவம்மாள் இல்லை, அவள் எட்டத்தில் நின்றாள். பெருவிரலை இரண்டு பக்கமும் பிடித்தார்கள். ஒரு பக்கம் பெருவிரல். ஒரு பக்கம், நுனி இல்லாத ஒரு மொட்டை விரல். கெட்டியான பிடி. சின்ன வயதில் அப்பா அவளைக் கைபிடித்து வரப்பில் நடத்திக்கொண்டு போன அதே பிடி.

அது அவள் விரலைக் காகிதத்துக்குக் கொண்டுபோயிற்று. அழுத்தியது. எடுத்தது. காகிதத்தில் பச்சையாக ஒரு ரேகை நின்றது. அதன் பக்கத்தில் மறுபடி அழுத்தியது. மறுபடி. பூவம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். இருட்டில் ஒரு ரேகைக்குப் பக்கத்தில் இன்னொரு ரேகையாக, அணையாமல், காகிதம் நிரம்பிக்கொண்டிருந்தது.